புள்ளிகளை நம்பாதவர்

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்ட காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொள்ளாச்சி சாலையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேபுக்குள் வருவதென்றால் செருப்பை வெளியே கழற்றி விட வேண்டும். உள்ளே ஏசி ஓடும். அம்மை போட்டவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள். திரையில் எது வந்தாலும் அது தெய்வ வாக்கு. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருநாள் கணிதத் துறை மேடம் வந்தார். இருந்த ஒரே கலர் மானிட்டருக்கு முன்னால் குனிந்து நின்று, "ஏனுங்க, இந்தக் கோடு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயர் அச்சில் வந்தால் யார் யார் படிப்பார்களோ, படித்துவிட்டு என்ன நினைப்பார்களோ என்று அவருக்குச் சோறு இறங்காது. மேடம் என்றே இருக்கட்டும்.

அன்று திரையில் இருந்தது டேன் சார்பின் வரைபடம். தொண்ணூறு டிகிரியை நெருங்க நெருங்க அந்த வளைவு மேலே ஏறிக் காணாமல் போகும். தாண்டியதும் கீழே பாதாளத்திலிருந்து கிளம்பி வரும். நடுவில் ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் மென்பொருள் மேலே போனதையும் கீழேயிருந்து வந்ததையும் சேர்த்து ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டிருந்தது.

"கம்ப்யூட்டர் தப்புப் போடாதுங்க மேடம்" என்றேன் வெடுக்கென்று. எனக்கு வாய் அப்படி. கோயமுத்தூரில் பிறந்த பெண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தை, ஒரு இதமான பொய் சொல்லத் தெரியவில்லையே என்று என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"தப்புப் போடலீங்க அம்மணி. இங்க ஒரு புள்ளி வெச்சுது, அக்கட்டால ஒரு புள்ளி வெச்சுது. நடுவுல என்ன இருக்குதுன்னு அது பாக்கவே இல்லீங்க. பாக்காமயே கோட்ட இழுத்துப்போட்டுது."

கணக்குச் சொல்லிக்கொடுக்கிற முகமாக அது இல்லை. கிணற்றோரம் குழந்தையை விட்டுவிட்டு வந்தவளின் முகம். ஒரு வரைபடத்துக்கு இத்தனை பதற்றமா என்று அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மேடத்துக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. சேலை முந்தானையின் நுனியைச் சுருட்டுவார், பிரிப்பார், மறுபடி சுருட்டுவார். அதனாலேயே அவருடைய சேலைகள் எல்லாவற்றுக்கும் முந்தானை ஓரம் நைந்திருக்கும். டவுன் பஸ்ஸில் 'உக்கடம்' என்று எழுதியிருந்தாலும் கண்டக்டரிடம் கேட்பார், டிரைவரிடம் கேட்பார், பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடமும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஒரு சனிக்கிழமை இருவரும் ஒட்டுக்காக டவுன்ஹாலுக்குச் சேலை எடுக்கக் கிளம்பினோம். பாதி வழியில் கேஸை மூடினேனா என்று அவருக்கு வந்துவிட்டது. இறங்கி, எதிர்ப் பஸ்ஸைப் பிடித்து, அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் சிலிண்டர் கெட்டியாக மூடிக் கிடந்தது.

"இப்ப நிம்மதிங்களா?" என்றேன் கடுப்பாக.

"இப்ப மூடியிருக்குதுங்க" என்றார். "நாம பஸ்ல இருக்கறப்ப?"

சேலையும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. அவர் வீட்டிலேயே காப்பி குடித்துவிட்டு நான் கிளம்பினேன்.

மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை லேபில் கணக்குச் செய்முறை வகுப்பு நடத்தச் சொல்லி அவரைப் போட்டிருந்தார்கள். சார்புகளின் வரைபடம் போடுவது, ஒரு வளைகோட்டை அச்சில் வைத்துச் சுழற்றி அதில் கிடைக்கிற திண்ம உருவத்தைப் பார்ப்பது, இதுதான் பாடம். வளைகோட்டைச் சுற்றிவிட்டால் சொம்பு வரும், பம்பரம் வரும், கிரைண்டர் கல் வரும். பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். மேடம் மட்டும் ஒவ்வொரு படத்தையும் கையால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கே வருவார்.

ஒருநாள் மத்தியானம் ஏதோ ஒரு சைன் சார்பை உள்ளிட்டு என்னைக் கூப்பிட்டார். பார்த்தால், திரையின் குறுக்கே ஒரு நேர்கோடு சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

"என்னங்க மேடம், வெறும் கோடு?"

"கோடு இல்லீங்க. இது மேலயும் கீழயும் தலைதெறிக்க ஆடிக்கிட்டிருக்குது. கம்ப்யூட்டர் புள்ளி வெக்கிற எடத்துல எல்லாம் சரியா பூஜ்யத்துல வந்து நிக்கற மாதிரி நாந்தான் கணக்குப் பாத்து நம்பரப் போட்டேன். அது வந்து பாக்கறப்பெல்லாம் இது நல்ல புள்ளையாட்டம் உக்காந்திருக்குது. அக்கட்டால திரும்புனா ஒரே ஆட்டம்."

"ஹாஸ்டல் பசங்க மாதிரி" என்று சொல்லி நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பாக்கறப்ப நல்லாருக்கறத வெச்சு நல்லாருக்குதுன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். முந்தானை விரலில் சுருண்டுகொண்டிருந்தது.

எங்களுக்குள் சண்டை வந்தது ஒரு குடத்தால். நானே மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சூத்திரம் எழுதி, அதைச் சுழற்றி, திரையில் ஒரு குடத்தை வரவழைத்திருந்தேன். வளையம் வளையமாக, அடியிலிருந்து கழுத்து வரைக்கும் அவ்வளவு அழகாக வரும். பிரிண்டரில் அடித்து லேப் கதவில் ஒட்டியும் வைத்திருந்தேன். அதன் கீழே இருந்த சூத்திரத்தை மேடம் நின்று படித்தார். உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதிப் பார்த்தார்.

"அம்மணி, இந்தக் கொடத்துக்குக் கழுத்தே இல்லீங்களே."

"கண்ணு முன்னால இருக்குதே மேடம்!"

"வளையம் போட்ட எடத்துல இருக்குதுங்க. ரெண்டு வளையத்துக்கு நடுவுல ஒரு எடத்துல இது சுத்தற அச்சுக்கே போயித் தொட்டுட்டு வருதுங்க."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டேன். அந்த வாரமே எங்கள் தாளாளர், அவர் ஒரு நூல் மில் முதலாளி, தன் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தி வீட்டாரை லேப் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டுச் சேலைகளும் வெள்ளை வேட்டிகளுமாக எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள். "அந்தக் கொடம் சுத்தறதப் போட்டுக் காட்டுங்க" என்றார் தாளாளர். அப்போது மெஷினில் உட்கார்ந்திருந்தது மேடம். எண்டரைத் தட்டியிருந்தால் குடம் வந்திருக்கும், எல்லாரும் கை தட்டியிருப்பார்கள். மேடமோ வளையங்களின் எண்ணிக்கையைக் கண்டபடி ஏற்றிவிட்டார். தெரிந்தே ஒரு பொய்யைக் காட்ட அவருக்குக் கை வரவில்லை. அந்தக் காலத்து மெஷின், பாவம், யோசிக்க ஆரம்பித்தது. யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, ஒரு கொடத்துக்கு இத்தனை நேரமா? மண்ணுல செஞ்சிருந்தாக்கூட இந்நேரம் காஞ்சிருக்குமே" என்றார் தாளாளர். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போயும்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் படம் முழுதாக வந்தது. என் குடம் கழுத்தில் அறுந்து, மேலே ஒரு கிண்ணமும் கீழே ஒரு பானையுமாக இரண்டாகக் கிடந்தது. கதவில் ஒட்டியிருந்ததை நான் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் தாளாளர் மேடத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்தபோது மேடத்தின் உதடெல்லாம் வெளுத்திருந்தது. என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"விட்டுத் தொலைச்சிருக்கலாமில்லீங்க மேடம்? கழுத்து இருந்தா என்ன, அறுந்தா என்ன, அதுலயா தண்ணி மொள்ளப் போறாங்க? எதப் பாத்தாலும் உங்களுக்கு வெசனம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிற கதைதான்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு முன்ன ஒரு கொழந்த தங்குச்சுங்க அம்மணி. ஏழாம் மாசம் டாக்டர்கிட்டப் போனேன். எல்லாம் நல்லாருக்குது, அடுத்த மாசம் வாங்கன்னாங்க. அடுத்த மாசம் போனேன். இல்லைன்னுபோட்டாங்க." முந்தானை நுனியைச் சுருட்டினார். "எந்த நாள்னுகூடத் தெரியாதுங்க. நான் பாடம் நடத்திக்கிட்டிருந்தனோ, தூங்கிக்கிட்டிருந்தனோ, சிரிச்சுக்கிட்டிருந்தனோ. உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தேன். எனக்கே தெரியலீங்க."

சூடு கண்ட பூனை என்பார்களே, இந்தப் பெண்ணுக்குச் சூடு எங்கே பட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, குரலை இன்னும் தாழ்த்திச் சொன்னார். "இப்ப நாலாம் மாசமுங்க. யாருகிட்டயும் சொல்லீராதீங்க கண்ணு."

அதன் பிறகு அந்தப் பயம் அவருக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. எனக்கும் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் பாதிக் கணக்கில் அவருடைய சாக்பீஸ் அப்படியே நின்றுவிடும். மேடம் அடுத்த வரியை யோசிக்கிறார் என்று பையன்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் உள்ளே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏதோ ஒன்று அசைந்ததும் சாக்பீஸ் மறுபடி நகரும். எதிர் வகுப்பறையில் நடக்கும் இதை லேபின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

மாதம் ஒருமுறை வரச் சொன்ன டாக்டரிடம் அவர் வாரா வாரம் போனார். சில வாரம் இரண்டு தடவை. அவர் கணவர் சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். பேச்சே அதிகம் இல்லாத மனிதர். மேடம் போன் செய்தால் பாதி வேலையில் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு வந்து நிற்பார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கருவியை வைத்துக் கேட்பார், "நல்லா இருக்குதும்மா, படிச்சவங்க நீங்களே இப்படிப் பயந்தா?" என்பார். ஒவ்வொரு தடவையும் தலைகுனிந்து திரும்பி வருவார்கள். மாமியார் வாய் ஓயாதவர், ஆனால் கெட்டவர் இல்லை. "புலி வருது புலி வருதுன்னு எத்தனை வாட்டி கண்ணு ஓடுவே? அதும்பாட்டுக்கு அது இருக்கட்டும் உடு" என்பாராம்.

எட்டாம் மாதம் ஒருநாள் அவரைத் தேற்ற நான் ஒரு வேலை செய்தேன். போகும்போதெல்லாம் டாக்டர் டேப் வைத்து வயிற்றின் உயரத்தை அளந்து சொல்வார். அந்த அளவுகள் மேடத்துக்கு மனப்பாடம். அவரைச் சொல்லச் சொல்லி ஒவ்வொன்றையும் புள்ளியாக வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒட்டிப் போகிற ஒரு வளைவை மென்பொருளைப் போடச் சொன்னேன். வளைவு நழுவாமல், முறியாமல், மேல்நோக்கிப் போயிற்று.

"பாத்தீங்களா? ஏறிக்கிட்டே போகுது. இந்தாங்க, அடுத்த மாசத்துக்கும் சேத்துப் போட்டுக் காட்டுது."

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். விரலைத் திரையில் படாமல் வைத்து, வளைவோடு கூடவே மேலே கொண்டுபோனார்.

"அழகா இருக்குதுங்க" என்றார். "போன தடவை போட்டிருந்தா அதுவும் இப்படித்தான் அழகா இருந்திருக்கும். கொடுத்த புள்ளிய வெச்சு அது போடுது. கொடுக்காத புள்ளிக்கு அது எங்கீங்க போகும்?"

நான் மெஷினை அணைத்துவிட்டேன். யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம் எனக்கு.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு வைத்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று விதவிதமாகக் கிளறி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு வந்து, எல்லாருக்கும் போட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற சடங்கு அது. மேடத்தின் அம்மா வீடு கொடுமுடியில். காரில் போனாலும் அன்றைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாத வழி. மணையில் உட்கார்ந்து எழுந்த பெண் நேரே தாய் வீட்டுக்குத்தான் போக வேண்டும், இடையில் வேறெங்கும் காலடி வைக்கக் கூடாது என்பது மாமியார் வீட்டு வழக்கம்.

நான் போனபோது மேடம் மாலையும் வளையலுமாக மணையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பூவுக்கு நடுவில் முகம் மட்டும் செத்திருந்தது. குனிந்து குங்குமம் வைத்தேன். காதோரம் சொன்னார். "காலையில இருந்து அசையலீங்க அம்மணி."

"ஊட்ல சொன்னீங்களா?"

"எல்லாத்துகிட்டயும் சொன்னேன்."

சொல்லித்தான் இருந்தார். அதற்குக் கிடைத்த பதிலை நானே அங்கே நின்று பார்த்தேன். ஒவ்வொரு பெரியம்மாளாக வந்து அவர் வயிற்றில் கை வைத்தார்கள். "இந்தா, ஒதைக்குது பாரு" என்றார் ஒருவர். "நல்லாத் துள்ளுது சாமி, பையந்தான்" என்றார் இன்னொருவர். "இனிப்புத் தின்னுபோட்டுத் தூங்குது, சித்த நேரத்துல முழிச்சுக்கும்" என்று ஒரு சின்னம்மா லட்டை ஊட்டினார். யாரும் அங்கே கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. நல்ல காரியத்தில் நல்ல வார்த்தைதான் சொல்ல வேண்டும், பயந்து கிடக்கிறவளை இன்னும் பயமுறுத்தக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. பிள்ளை அசைந்ததா என்று அவர்களில் யாரும் கவனிக்கவே இல்லை. கை பட்டதும் வாய் வாழ்த்தியது.

மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீங்க வெச்சுப் பாருங்க. நீங்க இல்லாததச் சொல்ல மாட்டீங்க."

எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கையை அவர் வயிற்றின்மேல் வைத்தேன். வயிறு கெட்டியாக இருந்தது. காத்திருந்தேன். டேப்ரிக்கார்டரில் நாதஸ்வர கேசட் ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் யாரோ அப்பளத்துக்கு எண்ணெய் போதாது என்று கத்தினார்கள். இடது பக்கம் வைத்தேன், வலது பக்கம் வைத்தேன். மேடம் என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க."

லட்டு ஊட்டிய சின்னம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"ஏம்புள்ள, மங்கல காரியத்துல வந்து என்ன பேச்சுப் பேசறே?" மாமியார் பாய்ந்து வந்தார். "கண்ணாலம் ஆவாத புள்ளைக்கு வகுத்துல கை வெச்சா என்ன தெரியும்? வாயக் கழுவு மொதல்ல!"

நான் வாயைத் திறக்குமுன் மேடம் எழுந்து நின்றார். மாலையைக் கழற்றி மணைமேல் வைத்தார். "ஏனுங்க, வண்டிய எடுங்க" என்றார் கணவரைப் பார்த்து.

"நல்ல நேரம் இன்னும் வல்லையே கண்ணு" என்றார் மாமியார்.

"கொடுமுடிக்கு இல்லீங்க அத்தை. ஆஸ்பத்திரிக்கு."

"கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிப் படி ஏறற பழக்கம் நம்மூட்ல இல்ல சாமி. உங்கம்மா ஊட்டுக்குக் கெளம்பு. போற வழியில ஈரோட்டுல ஒரு டாக்டர்கிட்டக் காட்டிக்கிட்டாப் போச்சு. ஒரு ரெண்டு மணி நேரத்துல என்ன கொறஞ்சு போகுது?"

கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கூட்டம் தலையாட்டியது. கணவர் அம்மாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். எத்தனையோ தடவை கடையை மூடிவிட்டு ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பியவர் அவர். 'இன்னொரு தடவையா' என்று அவர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. மேடம் அவரிடம் கெஞ்சவும் இல்லை, மற்றவர்களிடம் விளக்கம் சொல்லவும் இல்லை. பஸ் போகுமா என்று மூன்று பேரைக் கேட்கிற பெண், அன்றைக்கு ஒருவரையும் கேட்காமல் வெறுங்காலோடு வாசலில் இறங்கிப் போய், ஊருக்குப் போக ஏற்பாடு செய்து நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவியை எடுத்தார்.

மேடத்தின் அம்மாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். கொடுமுடிக்கென்று சோற்றுத் தூக்குப்போசிகளை ஏற்கெனவே வண்டியில் ஏற்றியிருந்தார்கள். திருச்சி ரோட்டு நெரிசலில் வண்டி ஊர்ந்தது. கார் முழுக்கப் புளிச்சோற்று மணம். மேடத்தின் கண்கள் மூடியிருந்தன, கை வயிற்றில் இருந்தது. நான் சொன்னது பொய்யாகப் போகட்டும், போய் இறங்கியதும் பிள்ளை துள்ளட்டும், அத்தனை பேரும் சேர்ந்து என்னைக் காறித் துப்பட்டும், வாங்கிக்கொள்கிறேன் சாமி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே போனேன். அதற்கு முன்னும் பின்னும் நான் தோற்றுப்போக அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கருவியை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தார். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தி வைத்ததும் கேட்டது. உயிர் இருந்தது. ஆனால் ஓடிக் களைத்தவன் நடக்கிற மாதிரி விட்டு விட்டு, மெல்ல. வழக்கமாக "படிச்சவங்க நீங்களே" என்று ஆரம்பிக்கிற டாக்டர் அன்றைக்கு நர்ஸைப் பார்த்து "தியேட்டர்" என்று மட்டும் சொன்னார்.

பெண் குழந்தை. கையளவு இருந்தது. பிறந்து அழவில்லை, அழ வைத்தார்கள். உள்ளேயே கொஞ்ச நாளாகத் தீனி சரியாகப் போகாமல் வாடியிருக்கிறது என்றார்கள். ஆட்டோவில் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மாமியாரிடம் டாக்டர் சொன்னார். "இப்படியே ஊருக்குக் கெளம்பியிருந்தீங்கன்னா, ஈரோடு போறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்மா."

மாமியார் அப்படியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து எழுந்து, காரிலிருந்த தூக்குப்போசியைத் திறந்து, ஒரு உருண்டை புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நல்லதச் சொன்னவிய வாய்க்குத்தான் சக்கரை போடுவாங்க. உனக்குக் கெட்டதச் சொன்னதுக்குப் போடோணும். சக்கரைக்கு இப்ப எங்க போறது? வாயத் தொற கண்ணு" என்று ஊட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தின்றேன்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, தேறிய பிறகு அம்மாவின் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அதற்கு அடுத்த நாள் கல்லூரி விட்டதும் நான் பார்க்கப் போனேன். பொழுது இன்னும் சாயவில்லை. ஜன்னல் வெயில் தொட்டிலின் காலடியில் கிடந்தது. மேடத்தின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. குழந்தையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார், குழந்தையைப் பார்த்துக்கொண்டே பாலைக் குடித்தார். அவர் அம்மாவும் மாமியாரும் அறையில்தான் இருந்தார்கள். குழந்தையின் மூக்கு யாரைப் போல என்று இரண்டு பேருக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"அம்மணி" என்றார் மேடம் மெதுவாக. "சித்த நேரம் இவளப் பாத்துக்கறீங்களா? நான் கண்ண மூடிக்கறேன்."

"அதான் ரெண்டு பாட்டிக இருக்கறாங்களே மேடம்."

"அவங்க ஆசையாப் பாப்பாங்க. நீங்க சும்மா பாருங்க. அது போதும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நாலு மூச்சு விடுவதற்குள் குறட்டை வந்துவிட்டது. அப்படித் தூங்கக்கூடிய பெண் அவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. முந்தானையை விட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு, உலகத்தில் எது நடந்தாலும் நடக்கட்டும் என்கிற மாதிரி தூங்கினார். கணவர் காப்பியோடு வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். துணிச் சுருளுக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது. அடுத்த மூச்சு கொஞ்சம் தாமதப்பட்ட மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தேன்.